பழைய றெக்கோட் பிளேயரை இனங்கண்டு மதிப்பிடுதல்: புதியவர்களுக்கான வழிகாட்டி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பழைய நாற்சார் வீடொன்று இடிபடும்போதும், புலம்பெயர்ந்தவர்கள் ஊருக்கு வந்து நெடுங்காலம் பூட்டிக் கிடந்த அறைகளைத் துப்புரவாக்கும்போதும், வெண்கலப் பாத்திரங்களோடும் தையல் மெசினோடும் ஒரு றெக்கோட் பிளேயர் வெளியே வருவது இன்றும் நடக்கிற காரியம். அதன் பிறகு பெரும்பாலும் இரண்டில் ஒன்று நிகழ்கிறது. ஒன்றில் அது பழைய இரும்பு வாங்குபவரின் தராசில் ஏறி, இரும்பின் விலைக்கே போய்விடுகிறது. அல்லது ‘அந்தக் காலத்துச் சாமான்’ என்ற ஒரே காரணத்துக்காக அதன் தகுதிக்கு மிஞ்சிய விலை சொல்லப்படுகிறது. முதலாவதில் நல்ல பொறியொன்று உருகி அழிகிறது. இரண்டாவதில் ஆசையோடு வாங்கிய ஒருவர் ஏமாந்து, இந்தத் துறையையே விட்டுவிடுகிறார்.

வயது விலையைத் தீர்மானிப்பதில்லை என்பதைப் புதியவர்கள் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒரு றெக்கோட் பிளேயரின் பெறுமதி அதன் மோட்டர், சுழல்தட்டைத் தாங்கும் அச்சு, ஊசியை ஏந்தும் கை ஆகிய மூன்றிலுமே தங்கியிருக்கிறது. தேக்குமரப் பெட்டியும் பித்தளைப் பூட்டும் எவ்வளவு அழகாக இருந்தாலும் இம்மூன்றுக்கும் பின்னரே அவை எண்ணத்தக்கவை.

முதலில் மின்சாரம் கொடுக்க வேண்டாம்

சாமான் கைக்கு வந்ததும் பிளக்கைச் செருகிப் பார்க்கும் ஆவல் எவருக்கும் எழும். அந்த ஆவலை அடக்குவதே முதற்படி. 1950களிலும் 60களிலும் பயன்பட்ட றப்பர் உறை வயர்கள் நமது வெப்பத்தில் காய்ந்து, வளைத்தவுடன் பொருக்காக உதிர்கின்றன. பெட்டிக்குள் எலி கடித்த வயர், பல்லி முட்டை, குளவி கட்டிய மண்கூடு எல்லாம் இருக்கலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, வால்வு (கண்ணாடி வெற்றிடக் குழாய்) பொருத்திய மலிவான சில பிளேயர்களில் உள்ளே இருக்கும் உலோகச் சட்டமே மின்சாரத்தின் ஒரு முனையோடு நேராக இணைக்கப்பட்டிருப்பது. பிளக் மாறிச் செருகப்பட்டால் அந்தச் சட்டத்தைத் தொடுபவர் 230 வோல்ற்றைத் தொடுகிறார்.

ஆகவே அடிமூடியைக் கழற்றி, டோர்ச் வெளிச்சத்தில் உள்ளே முழுவதும் பார்த்து, வயர்கள் நல்ல நிலையில் உள்ளனவா என்பதை நிச்சயப்படுத்தும்வரை மின்சாரம் கொடுக்கலாகாது. முதல் முறை கொடுக்கும்போதும் அனுபவமுள்ள வயர்மன் ஒருவரைக் கொண்டு, 60 அல்லது 100 வாட்ஸ் இழைக் குமிழ் ஒன்றைத் தொடராக இணைத்துக் கொடுப்பது பாதுகாப்பானது. உள்ளே எங்கேனும் குறுக்குச்சுற்று இருந்தால் குமிழ் முழு வெளிச்சத்தோடு எரியும். பிளேயர் கருகாமல் தப்பும்.

1990களில் குடாநாடு மின்சாரமின்றி இருந்த ஆண்டுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோவும் பாட்டும் கேட்ட ஊர் இது. அக்காலத்தில் கைவசம் இருந்ததைக் கொண்டு உள்வயர்கள் மாற்றப்பட்டிருக்கலாம். மோட்டரே கழற்றப்பட்டு வேறு தேவைக்குப் போயிருக்கலாம். அப்படிச் செய்தவர்களின் கெட்டித்தனம் மதிக்கத்தக்கது. எனினும் வாங்குபவர் எது மூலப்பாகம், எது பின்னர் சேர்ந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

எந்த வகை, எந்தக் காலம்

சாவி கொடுத்து ஓடும் கிராமபோனும் மின்சாரத்தில் ஓடும் பிளேயரும் முற்றிலும் வேறானவை. கிராமபோனில் ஊசியின் அதிர்வு நேரே ஒலிப்பெட்டித் தகட்டை அடைந்து ஒலியாகிறது. அதன் உருக்கு ஊசியும் கனமான தலையும் 78 வேக (நிமிடத்துக்கு 78 சுற்று) அரக்குத் தட்டுகளுக்காகச் செய்யப்பட்டவை. 1948 இல் அறிமுகமான, 33⅓ வேகத்தில் நீண்ட நேரம் ஓடும் எல்பி தட்டையோ 1949 இல் வந்த 45 வேகச் சிறு தட்டையோ அதில் ஒருமுறை வைத்தாலே தடம் கிழிந்துவிடும்.

நம்மவர் வீடுகளில் கிடைக்கும் கிராமபோன்களில் மூடியோடு கூடிய எச்.எம்.வி. 101, 102 ஆகிய பெட்டி வகைகளே நம்பத்தக்கவை. 102 என்பது 1931 இல் வெளிவந்தது. சாவியை முழுவதும் முறுக்கினால், ஒரு 78 தட்டின் ஒரு பக்கத்தை வேகம் குறையாமல் அது பாடி முடிக்க வேண்டும். இடையில் ‘டக்’ என்ற சத்தத்தோடு துள்ளினால், மோட்டரின் சுருள்வில்லில் உள்ள கிறீஸ் இறுகியிருக்கிறது என்று கொள்ளலாம். ஒலிப்பெட்டியின் பின்புறம் துத்தநாகக் கலப்பு உலோகமானால், அதில் மயிரிழை வெடிப்புகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அந்த உலோகம் காலப்போக்கில் ஊதி வெடிக்கும். வெடித்ததை ஒட்ட முடியாது.

பித்தளைக் குழல் பளபளக்க, பெட்டியின் முகப்பில் எச்.எம்.வி. சின்னமான நாய்ப்படம் ஒட்டி, ‘நூறு வருடப் பழையது’ என்று விற்கப்படும் கிராமபோன்களைக் குறித்துத் தனியே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. இவற்றுள் மிகப் பல, அண்மைக் காலத்தில் இந்தியாவில் உல்லாசப் பயணிகளுக்கென ஒட்டிச் செய்யப்பட்ட போலிகள். பழைய பெட்டிக் கிராமபோனிலிருந்து எடுத்த மோட்டரைப் புதிய மரப்பெட்டியில் இறக்கி, மெல்லிய பித்தளைத் தகட்டில் குழல் செய்து மாட்டுகிறார்கள். மூடியைத் தூக்கி மோட்டர் பலகையின் அடிப்புறத்தைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அரை நூற்றாண்டு கடந்த மரத்தில் ஒயில் ஊறிய கறையும் மங்கலும் இருக்கும். போலியில் வெட்டிய மரத்தின் புதுநிறமும் பொருந்தாத ஸ்குரூத் துளைகளும் இருக்கும். குழலை வளைத்துத் தாங்கும் குழாய் தடித்தும் முரடாகவும் இருந்தால் ஐயம் கொள்ளலாம்.

மின்சாரப் பிளேயர்களின் காலத்தைக் கணிக்க நாட்டின் வரலாறும் துணைசெய்கிறது. 1950களிலும் 60களிலும் இங்கே வந்தவை பெரும்பாலும் இங்கிலாந்து, ஒல்லாந்துச் சாமான்கள்: கரார்ட், பி.எஸ்.ஆர்., பிலிப்ஸ். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தது. 1977 இன் பின் பொருளாதாரம் திறக்கப்பட்டதோடு, மத்திய கிழக்குக்கு உழைக்கப் போனவர்கள் கொண்டுவந்த நஷனல், சோனி, சன்யோ முதலிய யப்பானியச் சாமான்கள் பெருகின. இந்தியாவில் செய்த எச்.எம்.வி. ஃபியெஸ்டா என்ற பற்றரிப் பெட்டியும் சில வீடுகளில் அகப்படும். அதில் பற்றரி ஒழுகிய பச்சைப் பூஞ்சை தகடுகளைத் தின்றிருக்கிறதா என்பதே முதற்கேள்வி.

சாமானிலேயே வேறு தடயங்களும் உண்டு. வேகத் தெரிவில் 16, 33, 45, 78 என நான்கும் இருந்தால் அது பெரும்பாலும் 1950களின் நடுப்பகுதிக்குப் பிந்தியது. 33, 45 ஆகிய இரண்டு மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1970களுக்கு உரியது. பெயர்த்தகட்டில் மின்னோட்டத்தின் அலைவு (அதிர்வெண்) ‘சைக்கிள்’ என்று குறிக்கப்பட்டிருந்தால் பழையது. 1960 இல் ‘ஹேர்ட்ஸ்’ சர்வதேச அலகானபின் தகடுகளிலும் அது படிப்படியாக இடம்பிடித்தது. ஊசிக் கையிலிருந்து இரண்டு வயர் மட்டும் வந்தால் அது மோனோ. சிவப்பு, பச்சை, வெள்ளை, நீலம் என நான்கு வந்தால் ஸ்டீரியோ. ஆகையால் ஸ்டீரியோ எல்பி சந்தைக்கு வந்த 1958 ஐ அண்டியதோ அதற்குப் பிந்தியதோ ஆகும்.

அந்தப் பெயர்த்தகட்டில் வோல்ற்றளவையும் அலைவையும் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும். நமது மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அமெரிக்காவிலிருந்தோ கனடாவிலிருந்தோ வந்தது 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸுக்கு உரியது. வோல்ற்றைக் குறைக்க டிரான்ஸ்போமர் போடலாம். அலைவை அது மாற்றாது. மின்சாரத்தின் அலைவைப் பின்பற்றிச் சுழலும் மோட்டரானால் 33⅓ சுற்று ஏறக்குறைய 28 ஆகக் குறைந்து, பாட்டின் சுருதி மூன்று அரைச்சுரம் அளவுக்கு இறங்கிவிடும். 50 ஹேர்ட்ஸுக்கு உரிய புல்லி (மோட்டர் அச்சில் உள்ள சிறு உருளை) கிடைத்தால் அதைச் சீராக்கலாம்.

அடிப்பக்கமே உண்மையைச் சொல்லும்

சுழல்தட்டைக் கழற்றுங்கள். நடு அச்சில் சிறு வளையக் கொளுக்கி இருந்தால் அதை முதலில் எடுத்துவிட்டு, இரு கைகளாலும் நேராக மேலே தூக்க வேண்டும். தட்டின் பாரத்தையும் உலோகத்தையும் கவனியுங்கள். சிறு காந்தமொன்றை வைத்துப் பார்த்து அது ஒட்டினால், தட்டு பெரும்பாலும் அமுக்கிச் செய்த இரும்புத் தகடு. ஒட்டாமல் பாரமாகவும் இருந்தால் பெரும்பாலும் வார்த்த அலுமினியம். பின்னது நல்ல பொறிக்கான அடையாளம்; முன்னது பொதுவாக மலிவான பொறிக்கு உரியது.

தட்டின் கீழே தெரியும் ஓட்டமுறை மூன்று வகைப்படும். மோட்டரின் படிவைத்த புல்லிக்கும் தட்டின் உள்விளிம்புக்கும் இடையே ஒரு றப்பர் சில்லு நின்று சுழற்றுவது ஒன்று. பெல்ட் சுழற்றுவது இன்னொன்று. மோட்டரின் அச்சே தட்டைத் தாங்குவது மூன்றாவது.

றப்பர் சில்லு வகையில் சில்லின் ஓரத்தை விரல்நுனியால் மெதுவாகச் சுற்றித் தடவிப் பாருங்கள். வேகத் தெரிவை நிறுத்தாமல் பல வருடங்கள் விட்டிருந்தால் புல்லி அழுத்திய இடத்தில் ஒரு சிறு பள்ளம் பதிந்திருக்கும். பாட்டோடு ‘தும் தும்’ என்ற ஒழுங்கான அதிர்வு கேட்பதற்குக் காரணம் அதுவே. றப்பர் பளபளத்துக் கல்லாகியிருந்தால் மெல்லிய அரத்தாள் கொண்டு மிக இலேசாகத் தேய்த்து மீட்கலாம். பள்ளம் ஆழமானால் புதிய சில்லு வேண்டும். பெல்ட் உருகிப் பிசினாகியிருந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. அது மலிவான பொருள்.

தட்டை மீண்டும் வைத்து, விளிம்பில் எதிரெதிர்ப் பக்கங்களைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். தெளிவான ஆட்டம் இருந்தால் நடு அச்சோ அதைத் தாங்கும் குழலோ தேய்ந்துவிட்டது என்று பொருள். இது பெரிய குறை. கரையோரங்களிலிருந்து, குறிப்பாகப் பருத்தித்துறை, ஊர்காவற்றுறை, காரைநகர்ப் பக்கங்களிலிருந்து வருபவற்றில் உப்புக்காற்று மேற்பரப்பைத் துருவாக்கியிருக்கலாம். மேல்துரு அழகைத்தான் கெடுக்கும். அச்சில் ஏறிய துரு பொறியையே கெடுக்கும். இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

தானாக இசைத்தட்டு மாற்றும் பொறிகள் ‘வேலைசெய்யாது’ என்று விற்கப்படுவதற்கு மிகப் பொதுவான காரணம், நெம்புகோல்களில் இருந்த கிறீஸ் காலத்தால் மெழுகாக இறுகியதுதான். கையை அசைத்தால் வராது. தட்டு சுழலும், ஆனால் கை எழும்பாது. பழைய கிறீஸை வழித்து எடுத்து, துடைத்து, சிறிது புதிய கிறீஸும் அச்சுகளுக்குத் தையல் மெசின் ஒயில் ஒரு துளியும் இட்டால் பல பொறிகள் உயிர்பெறும். இவ்வகைப் பழுதை விலைகுறைக்கும் காரணமாகச் சொல்லலாம். வாங்காமல் விடுவதற்குக் காரணமாக்க வேண்டியதில்லை. பலாத்காரமாகக் கையை இழுத்து உள்ளே பிளாஸ்டிக் பல்லை உடைத்திருந்தால் மட்டும் நிலைமை வேறு.

கை, ஊசி

கையை அதன் அடிப்பகுதியில் மென்மையாகப் பிடித்து அசைத்தால் தளர்வு உணரப்படக் கூடாது. விட்டால் தடையின்றி நகர வேண்டும். கையின் பின்முனையில் திருகி மாட்டும் பாரக்குண்டு இருக்கிறதா என்று பாருங்கள். பலர் கவனிக்காத இப்பாகம் இல்லாவிட்டால் பெறுமதி பெருமளவு வீழ்கிறது, ஏனெனில் ஒரு பிளேயரின் குண்டு இன்னொன்றுக்குப் பொருந்துவது அரிது. சுவிற்சர்லாந்தின் லென்கோ எல் 75 வகையில் கையைத் தாங்கும் றப்பர்க் குற்றிகள் நொறுங்கிப் போவது வழக்கம். அவற்றுக்குப் புதிய மாற்று உண்டு என்பதால் அது மட்டும் குறையானால் தயங்க வேண்டாம்.

ஊசி தாங்கும் கார்ட்ரிட்ஜ் இரு வகை. பீங்கான் அல்லது படிக வகை பழைய மலிவுப் பிளேயர்களில் இருப்பது. சாதாரண அம்பிளிபயரில் நேரே ஒலிக்கும், ஆனால் சில கிராம் பாரத்தைத் தட்டின்மேல் அழுத்துகிறது. காந்த வகை ஏறக்குறைய 2 கிராமோடு அமைதியாக ஓடும். அதன் மின்னளவு சில மில்லிவோல்ற் மட்டுமே ஆகையால் அதற்கென ஃபோனோ முன்பெருக்கி வேண்டும். மலிவுப் பிளேயர்களில் ஒரு சிறு நெம்பைத் திருப்பினால் ஊசி மாறும்; ஒரு பக்கம் 78 க்கும் மறுபக்கம் எல்பிக்கும் உரியது. எல்பி ஊசியின் முனை ஏறக்குறைய 18 மைக்ரோன் ஆரமுடையது. 78 ஊசி அதன் நான்கு மடங்களவு தடித்தது. தவறான பக்கத்தால் ஓட்டியவர்களின் எல்பிகள் சாம்பல் பூத்த தடங்களோடு கிடப்பதைப் பார்த்தால் மனம் வருந்தும்.

முனை தேய்ந்திருக்கிறதா என்பதை வெறுங்கண்ணால் சொல்ல முடியாது. கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளில் கல் பார்க்கப் பயன்படும் பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடி இதற்குப் பொருத்தமானது. நல்ல முனை வட்டமாக, ஒரு புள்ளியில் மட்டும் மின்னும். தேய்ந்த முனையில் இரு பக்கங்களிலும் தட்டையான பளபளப்பு தெரியும். ஐயமிருந்தால் தேய்ந்தது என்றே கணக்கிட்டு, புதிய ஊசியின் விலையைக் கழித்துக்கொள்ளுங்கள். ஐயமான ஊசியைக் கொண்டு நல்ல தட்டை ஒருபோதும் பரீட்சிக்காதீர்கள்.

வேகத்தைச் சோதிக்கப் பிரத்தியேகக் கருவி தேவையில்லை. சுழல்தட்டின் ஓரத்தில் சிறு காகிதத் துண்டொன்றை ஒட்டி, ஊசியை ஓடும் இசைத்தட்டில் இறக்கிவிட்டு, நூறு சுற்றை எண்ணுங்கள். 33⅓ வேகத்தில் நூறு சுற்றுக்குச் சரியாக 180 செக்கன் ஆகும். இரண்டு செக்கன் முன்பின்னானால் காது அறியாது. ஐந்து, ஆறு செக்கன் பிந்தினால் சுருதி ஏறக்குறைய அரைச்சுரத்தில் பாதி இறங்கியிருக்கும். நாதஸ்வரத்தின் நீண்ட கார்வையோ வயலினின் ஒற்றைச் சுரமோ கொண்ட தட்டை வைத்துக் கேட்டால், வேகம் நிலையாக இல்லாத பிளேயரில் அந்தச் சுரம் நெளிவது உடனே தெரியும். தாளவாத்தியம் நிறைந்த பாட்டில் அது மறைந்துவிடும்.

பெறுமதியை எப்படிக் கணிப்பது

பெயர் மட்டும் போதாது, இலக்கமும் வேண்டும். 1950களின் நடுப்பகுதியில் வந்த கரார்ட் 301, 1965 இல் அதைத் தொடர்ந்த 401, 1957 இல் வந்த தோரன்ஸ் டி.டி. 124 ஆகியவை உலகெங்கும் தேடப்படுகின்றன; நல்ல நிலையில் அவை இன்று பல இலட்சம் ரூபாவுக்குக் கைமாறுகின்றன. இவை கை இல்லாமலே விற்கப்பட்டவை. ஆகவே ‘கை உடைந்துபோன பழைய மோட்டர்’ என்று பழைய இரும்புக் குவியலில் கிடக்கும் கனத்த வார்ப்புப் பலகையொன்றைக் கண்டால், அதைக் கடந்து போகாதீர்கள். மறுபுறம், அதே கரார்ட் பெயர் பொறித்த எஸ்.பி. 25 போன்றவை நல்ல எளிய பொறிகளே ஆயினும் 301 இன் விலையில் சிறு பங்கையும் தொடாதவை. பெயரைக் காட்டி விலை கேட்பவரிடம் இலக்கத்தைக் கேளுங்கள்.

யப்பானின் ரெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 மார்க் 2, 1979 இல் வந்தது. நேரடியாகச் சுழலும் வகை. அது ஏறக்குறைய 12 கிலோ எடையுள்ளது, உறுதியானது, உதிரிப்பாகம் கிடைக்கக்கூடியது. கேட்பதற்காக வாங்க விரும்பும் ஒருவருக்கு இதையோ, 1970களின் பெல்ட் வகைகளில் நல்லதொன்றையோதான் நான் பரிந்துரைப்பேன். பி.எஸ்.ஆர். தட்டுமாற்றிகள், சூட்கேஸ் வடிவப் பிலிப்ஸ்கள், றேடியோவும் பிளேயரும் ஒன்றாய் அமைந்த பெரிய மரப்பெட்டி றேடியோகிராம்கள் ஆகியவற்றுக்குச் சந்தை விலை குறைவு. றேடியோகிராமில் மரத்தைக் கறையான் தொட்டிருந்தால் இன்னும் குறைவு. அவற்றைத் தம் வீட்டு நினைவுக்காக வைத்திருப்பது நியாயமானது. அந்த நினைவுக்கு வேறொருவர் விலை தருவார் என்று எதிர்பார்ப்பதுதான் பொருந்தாது.

இணைய விற்பனைத் தளங்களில் கேட்கப்படும் விலையைப் பாராமல், விற்று முடிந்த விலைகளைப் பாருங்கள். அதிலிருந்து ஊசி, சில்லு அல்லது பெல்ட், வயர் மாற்றும் கூலி ஆகியவற்றைக் கழியுங்கள். இலண்டன் விலை இலண்டனில் விற்பவருக்கே உரியது. கப்பற்கூலியும் வழியில் உடையும் ஆபத்தும் இங்குள்ளவரின் கையில் கிடைப்பதைக் குறைத்துவிடும். ஓடிப் பார்க்காத சாமானை ஓடாத சாமானாகவே விலைபேசுங்கள்.

விற்பவராக இருந்தால், ஸ்பிறே பெயின்ற் அடித்துப் புதிதாக்க முயலாதீர்கள். மூலநிறமும் எழுத்துகளும் அழிந்தால் சேகரிப்பவர் விலகிவிடுவார். ஈரத் துணியால் தூசியைத் துடைப்பது போதும். 45 தட்டின் நடுத்துளைக்கு வைக்கும் வில்லை, தட்டுமாற்றியின் உயரமான நடுக்கம்பி, பயணத்துக்கு இறுக்கும் ஸ்குரூக்கள் போன்றவை வேறெங்கோ ஒரு லாச்சிக்குள் கிடக்கக்கூடும். அவற்றையும் தேடி ஒன்றுசேர்த்து வையுங்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். இடம்பெயர்ந்தவர்களின் ஆளில்லாத வீடுகளிலிருந்து அள்ளப்பட்ட சாமான்களும் இந்தச் சந்தையில் கலந்திருக்கின்றன. எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அடிப்பலகையில் அல்லது கூட வந்த இசைத்தட்டு உறைகளில் உரிமையாளரின் பெயர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இருந்து, குடும்பம் கண்டுபிடிக்கக்கூடியதாக இருந்தால், விலை பேசுவதற்கு முன் அவர்களுக்கு அறிவிப்பதே முறை. வாங்கினால் விற்பவரின் கையொப்பத்தோடு ஒரு துண்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்கியதைக் கொண்டுபோகும்போதுதான் பல நல்ல பொறிகள் பழுதாகின்றன. சுழல்தட்டையும் பாரக்குண்டையும் கழற்றித் தனித்தனியே துணியில் சுற்றுங்கள். ஊசிக்கு மூடி இல்லாவிட்டால் கார்ட்ரிட்ஜோடு கூடிய தலையையே கழற்றிச் சிறு டப்பாவில் வையுங்கள். கையை அதன் தாங்கியில் இருத்தி நூலால் கட்டி, மோட்டரை இறுக்கும் பயண ஸ்குரூக்களை முடுக்கிய பின்னரே அதை ஓட்டோவிலோ பஸ்ஸிலோ ஏற்ற வேண்டும். பஸ்ஸில் ஏற்றினால் மேல்தட்டில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.